மணமுறிவும் மக்கட் பொறுப்பும்



திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவிலுக்கு இருப்புப்பாதை வழியாக ஏறத்தாழ 70 கிலோமீட்டர். காலைச் சிற்றுண்டியை வலியசாலையில் முடித்துக்கொண்டு புறப்படுபவர் நண்பகல் உணவுக்கு வடிவீசுவரம் போய்ச் சேர்ந்துவிடலாம். பெண் கொடுப்பதும் பெண் எடுப்பதும் இவ்விரு ஊர்களுக்கிடையே தலைமுறை தலைமுறையாக நடந்து வருகின்றன. 1956-ஆம் ஆண்டு அக்டோபர் முடியும் வரையில் இரண்டும் ஒரே இராச்சியத்தில், ஒரே உயர் நீதிமன்றத்தின் ஆளுகையில் இருந்தன. நவம்பர் முதல் நாள் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை இராச்சியத்தோடு இணைந்தது. களியக்காவிளைக்கருகே ஓர் எல்லைக்கோடு விழுந்தது. அந்தக் கோடு சம்பந்திகளைப் பிரித்துவிடவில்லை. ஆனால் சம்பந்தம் முறியும் வேளையில்தான் அது எத்துணைப் பெரிய கோடு என்பது புலனாகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். சாலைக் கடைத்தெருவில் வாணிகம் செய்யும் கணவன். நாகர்கோவிலில் பிறந்த மனைவி. வலியசாலையில் வாடகை வீடு. முதல் வகுப்பில் படிக்கும் ஆறு வயதுப் பையன். இல்லறம் கசந்துவிட்டது. ஒரு விடுமுறை நாளில் மனைவி பையனை அழைத்துக்கொண்டு தாய் வீடு சேர்கிறாள். ஒரு திங்கள் கழிகிறது. இரு திங்கள் கழிகின்றன. கணவன் திருவனந்தபுரம் குடும்ப நீதிமன்றத்தில், கொடுமை என்ற காரணங்காட்டி, மணமுறிவுக்கு மனுச் செய்கிறான். இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த இடம் அது; ஆகவே அம்மனு முறையானதே. மனைவி நாகர்கோவிலில் வேறொரு மனுவைக் கொடுக்கிறாள். இந்து திருமணச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு 2003-இல் திருத்தப்பட்ட பிறகு, மனுச் செய்பவள் மனைவியாயின் தான் வசிக்கும் இடத்திலேயே செய்யலாம். ஆகவே அதுவும் முறையானதே.

இரண்டு வழக்கையும் ஓரிடத்தில் விசாரிக்கும்படி யார் உத்தரவிடுவது? கேரள உயர் நீதிமன்றத்துக்கு நாகர்கோவில்மீது அதிகாரமில்லை. சென்னை உயர் நீதிமன்றத்துக்குத் திருவனந்தபுரத்தின்மீது அதிகாரமில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 25-ஆம் பிரிவின்படி, ஒரு மாநிலத்து வழக்கை மற்றொரு மாநிலத்துக்கு மாற்ற வல்லது உச்ச நீதிமன்றம் ஒன்றே. எழுபது கிலோமீட்டர் தொலைவிலுள்ள இருவர், தங்கள் வழக்கை ஒன்றுசேர்க்க வேண்டித் தில்லி வரைக்கும் போக வேண்டியிருக்கிறது! மும்பை மாதுங்காவில் வாழ்ந்து மதுரையில் பெண் எடுத்தவருக்கும், பெங்களூரில் பணிபுரிந்து திருச்சியில் மணம் முடித்தவருக்கும் இதே நிலைதான். இத்தகைய மாற்றல் மனுக்களில் மனைவியின் வசதிக்கு உச்ச நீதிமன்றம் பெரும்பாலும் முதன்மை கொடுத்து வந்திருக்கிறது. காணொலி வழியாக விசாரித்தால் இந்த அலைச்சல் தேவையில்லையே என்ற கேள்வியும் எழுந்தது. 2017 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தின் ஓர் அமர்வு அவ்வழியைக் காட்டியது. அதே ஆண்டு அக்டோபரில், சாந்தினி வழக்கில், மூவரடங்கிய அமர்வு பெரும்பான்மைத் தீர்ப்பால் அதை மாற்றியது: தம்பதியரைச் சேர்த்துவைக்கும் முயற்சி நேருக்கு நேர், மறைவாக நடைபெற வேண்டும், அது பலிக்காத பின்னர் இருவரும் இசைந்தால் காணொலியைக் குடும்ப நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்றது.

வெளி மாநிலத்தில் வாழும் தமிழர் வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய முதற்கேள்வி “எனக்கு விடுதலை கிடைக்குமா?” என்பதாகவே பெரும்பாலும் இருக்கிறது. “எந்த ஊரில்?” என்பதே முதற்கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. குழந்தை இருக்குமானால் இது பன்மடங்கு உண்மை.

குழந்தையைப் பற்றிய மனு எங்கே செல்லும்? 1890-ஆம் ஆண்டின் காப்பாளர்–காக்கப்படுவோர் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. அதன் 9-ஆம் பிரிவு, சிறுவர் சாதாரணமாக வசிக்கும் இடத்து நீதிமன்றமே விசாரிக்க வேண்டும் என்கிறது. ‘சாதாரணமாக’ என்ற அந்த ஒரு சொல்லின்மீது நாடெங்கும் எத்தனையோ வழக்குகள் நடந்திருக்கின்றன. நேற்றிரவு கொண்டுபோய் விட்ட ஊர், இன்று காலையில் குழந்தை சாதாரணமாக வசிக்கும் ஊராகிவிடாது. பள்ளிக்கூடம் எது, மருத்துவர் யார், தோழர் எங்கே என்பவற்றையெல்லாம் நீதிமன்றம் பார்க்கும். அன்றியும், மணமுறிவு வழக்கு நடைபெறும் நீதிமன்றமும் இந்து திருமணச் சட்டத்தின் 26-ஆம் பிரிவின்படி குழந்தையைப் பற்றி இடைக்கால உத்தரவு பிறப்பிக்கலாம். எவ்வழியை மேற்கொள்வது என்பது வழக்கறிஞரோடு கலந்து தீர்மானிக்க வேண்டிய செய்தி. கலந்து பேசுவதற்கு முன்னரே குழந்தையை எல்லை கடத்திவிட்டால், பேச வேண்டியதில் பாதி முடிந்துபோய்விடுகிறது.

காலம் இங்கே ஒரு கட்சிக்காரனைப்போல நடந்துகொள்ளும். நாகர்கோவிலில் பையனைப் பள்ளியில் சேர்த்து ஓராண்டு கழிந்துவிட்டால், அவனை மீண்டும் பெயர்த்தெடுக்க எந்த நீதிபதியும் தயங்குவார். ‘கோபம் தணியட்டும்’ என்று வாளாவிருந்த தகப்பன் பின்னர் மனம் நொந்து பயனில்லை. குழந்தையைப் பார்க்கவும் அதனோடு பேசவும் இடைக்கால உத்தரவு கேட்பதில் மானக்கேடு ஏதுமில்லை. அவ்வாறு கேளாமல், பள்ளிக்கூட வாசலில் காத்திருந்து குழந்தையைத் தூக்கிச் செல்லும் தகப்பனும் உண்டு. அவன் தன் வழக்கைத் தானே கெடுத்துக்கொள்கிறான். குழந்தையின் மனத்தில் பள்ளி வாசலையே அச்சத்துக்குரிய இடமாக்கிவிடுகிறான்.

ஆனால் ஒன்றை இங்கேயே சொல்லிவிட வேண்டும். அடிக்கும் உதைக்கும் அஞ்சி, உயிர் தப்பினால் போதும் என்று குழந்தையோடு ஓடிவருபவளிடம், “வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுப் புறப்படு” என்று யாரும் சொல்ல மாட்டோம். அவளுக்கு 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் துணை நிற்கிறது. அவள் தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலுள்ள நடுவர் நீதிமன்றத்திலேயே மனுக் கொடுக்கலாம். அதே மனுவில் குழந்தையைத் தற்காலிகமாகத் தன்னிடம் வைத்துக்கொள்ளவும் உத்தரவு பெறலாம்.

இனி வழக்கறிஞரின் மேசைக்கு வருவோம். குடும்ப நீதிமன்றங்களை அமைத்த 1984-ஆம் ஆண்டுச் சட்டத்தில் நம்மவர் பலர் அறியாத விதி ஒன்றுண்டு. அந்நீதிமன்றத்தில் வழக்கறிஞரை வைத்து வாதாடுவது கட்சிக்காரரின் உரிமையன்று. நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும். நடைமுறையில் அனுமதி கிடைத்து வழக்கறிஞர்கள் தோன்றுகிறார்கள் என்றாலும், சட்டத்தின் நோக்கம் தெளிவானது. நீதிபதி முதலில் சமரசத்துக்கு முயல வேண்டும். நீதிமன்றத்து ஆலோசகர் கணவன் மனைவி இருவரோடும் பேசுவார். அங்கே நமக்காகப் பேச வேறொருவர் இரார். ஆகவே குடும்ப வழக்கறிஞரின் பெரும்பணி நீதிமன்றத்துக்கு வெளியே, அவருடைய அறையிலேயே நடைபெறுகிறது. அங்கே உண்மை பேச வேண்டும். நமக்கு எதிரானவற்றையும் சொல்ல வேண்டும். கட்சிக்காரர் தம்மிடம் சொன்னதை வெளியிடலாகாது என்று சட்டம் வழக்கறிஞரைக் கட்டுப்படுத்தியிருக்கிறது. அண்டை வீட்டாரிடம் சொன்னதை அவரிடம் மறைப்பது விந்தையான வழக்கம்; ஆயினும் நம்மிடையே மிகுதியாக உள்ளது.

திருமணப் பதிவுச் சான்று, குழந்தையின் பிறப்புச் சான்று, பள்ளிக் கட்டண இரசீதுகள், வீட்டு வாடகை ஒப்பந்தம் ஆகியவற்றோடு வரவுசெலவுக் கணக்கும் வேண்டும். 2020-ஆம் ஆண்டு நவம்பரில் ரஜ்னேஷ் என்பவரது வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்சம் கோரப்படும் வழக்குகளில் இரு திறத்தாரும் தத்தம் சொத்து, வருவாய், கடன் அனைத்தையும் பிரமாணப் பத்திரத்தில் காட்ட வேண்டும் என்றும், மனுச் செய்த நாளிலிருந்தே ஜீவனாம்சம் கணக்கிடப்பட வேண்டும் என்றும் விதித்தது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆம் பிரிவு என்று நாம் கேட்டுப் பழகிய ஜீவனாம்ச விதி, 2024 சூலை முதல் புதிய சட்டத்தின் 144-ஆம் பிரிவாக விளங்குகிறது. கட்டணத்தையும் முதல் நாளே பேசிவிடுவது நன்று. ‘கிடைக்கும் தொகையில் இத்தனை பங்கு’ என்று பேசுவதை வழக்கறிஞர் மன்ற விதிகள் தடுத்திருக்கின்றன. பணமில்லாதவர் மனமுடைய வேண்டியதில்லை. 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின்படி, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமலே இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற தொலைபேசி எண்ணில் கேட்டால் எந்த மாநிலத்திலும் வழி சொல்வார்கள்.

மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்ட எனக்கு, இத்தகைய வழக்குகளில் சொற்கள் படும் பாடு வேறெதனையும்விட மிகுதியாக உறுத்துகிறது. தமிழில் ‘விவாகரத்து’ என்கிறோம். செல்லாத சீட்டைக் கிழித்தெறிவது போன்ற ஒலி அதில் இருக்கிறது. மலையாளத்தில் ‘விவாகமோசனம்’ என்பார்கள். மோசனம் என்றால் விடுதலை. தமிழ்க் காதுக்கு அது ‘மோசம்’ என்று விழுவதுண்டு! மலையாளத்தில் ‘உபேக்ஷிச்சு’ என்றால் அடியோடு கைவிட்டுவிட்டார் என்பது பொருள். நாம் உபேட்சை என்று சொல்வதோ வெறும் அசட்டை. “என்னை உபேட்சை செய்தார்” என்று தமிழ்ப் பெண்ணொருத்தி மனம் வருந்திச் சொன்னால், கேட்பவர் ‘கைவிட்டார்’ என்று எழுதிக்கொள்ளக்கூடும். சட்டத்தில் இவ்விரண்டுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேற்றுமை உண்டு. கைவிடுதல் என்பது நிலைபெற, பிரிந்து சென்றது மட்டும் போதாது. திரும்பி வருவதில்லை என்ற எண்ணமும் இருந்திருக்க வேண்டும் என்று 1956-இல் பிபின்சந்திர ஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியிருக்கிறது. இப்போது எண்ணிப் பாருங்கள்: வீட்டை விட்டுப் புறப்படும் தமிழர் எவரும் ‘போகிறேன்’ என்று எழுதுவதில்லை, ‘போய் வருகிறேன்’ என்றே எழுதுவர். அது வெறும் மரபா, திரும்பும் எண்ணமா? எழுதியவரின் வாழ்வில் இரண்டாண்டுகள் அந்தச் சொற்களின்மீது ஊசலாடலாம்.

வலியசாலைக்கு இது புதிதன்று. இங்குள்ள காந்தளூர்ச் சிவன் கோயிலைக் கொண்டு, சோழர் மெய்க்கீர்த்திகளில் வரும் காந்தளூர்ச் சாலை இவ்விடமே என்பார் உளர், மறுப்பாரும் உளர். அங்கே அரசன் செய்தது என்ன என்பதைச் சொல்லும் ‘கலம்’ என்ற சொல்லுக்கு மரக்கலம் என்பார் ஒரு சாரார். உண்கலம் என்பார் மற்றொரு சாரார். கல்லில் வெட்டிய சொல்லுக்கே அந்நிலை என்றால், கைபேசியில் அனுப்பிய கோபச் சொற்களுக்குக் கேட்கவா வேண்டும்? “எங்கேயாவது தொலைந்து போ” என்ற நம் வீட்டு வசவு, சொல்லுக்குச் சொல் மாற்றினால் கொலைமிரட்டலாகத் தோன்றும். நீதிமன்றத்தில் சேர்க்கும் தமிழ்க் கடிதங்களையும் செய்திகளையும் எவர் மொழிபெயர்த்தார், எப்படி மொழிபெயர்த்தார் என்று கட்சிக்காரர் தாமே படித்துப் பார்க்க வேண்டும். படிக்க வராவிட்டால் படித்துக்காட்டச் சொல்ல வேண்டும். வழக்கறிஞருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் நல்லது. தெரியாவிட்டாலும் பழுதில்லை, மொழிபெயர்ப்பு செம்மையாக இருக்குமானால்.

குழந்தையைக் குறிக்கும் சொற்களிலும் குழப்பம் உண்டு. காப்பாளர் என்பவர் வேறு. குழந்தையைத் தம்மிடம் வைத்து வளர்ப்பவர் வேறு. சொத்து, வங்கிக் கணக்கு, கடவுச்சீட்டு இவற்றில் குழந்தைக்காகக் கையெழுத்திடுபவர் காப்பாளர். குளிப்பாட்டிச் சோறூட்டிப் பள்ளிக்கு அனுப்புபவர் வளர்ப்புப் பொறுப்புடையவர். 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், இயற்கைக் காப்பாளர் தந்தை, ‘அவருக்குப் பின்’ தாய் என்றது. ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடமே இருக்க வேண்டும் என்றும் சொன்னது. எழுத்தாளர் கீதா ஹரிஹரன், மகன் பெயரில் ரிசர்வ் வங்கிப் பத்திரம் வாங்க விரும்பித் தாமே காப்பாளராகக் கையெழுத்திட்டபோது அது ஏற்கப்படவில்லை. அவர் தொடுத்த வழக்கில் 1999-ஆம் ஆண்டு பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், ‘அவருக்குப் பின்’ என்பதற்கு ‘அவர் இறந்த பின்’ என்று மட்டும் பொருளன்று, அவர் அப்பொறுப்பில் இல்லாதபோது என்றும் பொருள் என்று விளக்கியது. மீண்டும் ஒரு சொல்லின் பொருள்தான்!

‘குழந்தை யாருடையது?’ என்ற கேள்விக்கு இந்த மண்ணில் ஒரே விடை இருந்ததில்லை. மருமக்கள்தாய முறையைப் பின்பற்றிய குடும்பங்களில் குழந்தை தாயின் தறவாட்டைச் சேர்ந்தது. கொல்லம் ஆண்டு 1100-இல், அதாவது 1925-இல், வந்த திருவிதாங்கூர் நாயர் சட்டத்தில் மணவுறவை முறைப்படி நீக்கிக்கொள்ள வழி இருந்தது. அடுத்த தெருவிலிருந்த தமிழ் அக்கிரகாரத்துப் பெண்ணுக்கு அப்போது அத்தகைய வழி இல்லை. சென்னை மாகாணத்தில் 1949-இல் இயற்றிய மணமுறிவுச் சட்டமும் இங்கே செல்லவில்லை. 1955-ஆம் ஆண்டின் இந்து திருமணச் சட்டம் வந்த பிறகே கதவு திறந்தது. ‘வாழாவெட்டி’ என்ற நம் கொடுஞ்சொல்லுக்கு எந்தச் சட்டநூலிலும் இணை கிடையாது. அதற்குரிய துன்பத்தை மட்டும் பெண்கள் அனுபவித்தார்கள். தமிழ் பேசும் நாஞ்சில் நாட்டு வேளாளரும் மருமக்கள் வழியினரே. அம்முறையில் மனைவி மக்கள் பட்ட அல்லலைத்தான் கவிமணி ‘மருமக்கள் வழி மான்மியம்’ என்று நகையும் கண்ணீருமாகப் பாடி வைத்தார். கொல்லம் 1101-ஆம் ஆண்டில் அவர்களுக்கெனத் தனிச்சட்டமும் வந்தது. தந்தைவழி, தாய்வழி என்ற இரு முறைகளும் குழந்தையைக் குடும்பத்தின் உடைமையாகவே கொண்டன. இன்றைய சட்டம் கேள்வியையே மாற்றிவிட்டது. யாருடைய குழந்தை என்று கேளாமல், குழந்தைக்கு எது நலம் என்று கேட்கிறது.

இக்கேள்வியை உரத்துக் கேட்ட தீர்ப்புகளுள் முதன்மையானது, கேரளத்துக் கிறித்தவக் குடும்பம் ஒன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் நடத்தி, 1973-இல் உச்ச நீதிமன்றம் முடித்துவைத்த ரோசி ஜேக்கப் வழக்கு. பிறந்த நாட்டை விட்டு அண்டை மாநிலத்தில் வழக்காடியவர்கள் அவர்கள். நம் நிலையின் மறுபக்கம் எனலாம். குழந்தைகள் பெற்றோரின் உடைமைகளும் அல்லர், விளையாட்டுப் பொருள்களும் அல்லர் என்ற கருத்தை உச்ச நீதிமன்றம் அதில் வலியுறுத்தியது. குழந்தைப் பொறுப்புப் பற்றிய உத்தரவுகள் இயல்பிலேயே தற்காலிகமானவை, சூழ்நிலை மாறினால் மாற்றத்தக்கவை என்றும் கூறியது. தோற்றவர் இதை நினைவில் வைத்தால் நம்பிக்கை பிறக்கும். வென்றவர் நினைவில் வைத்தால் அடக்கம் பிறக்கும். விவரம் அறிந்த வயதாயின் குழந்தையின் விருப்பத்தையும் நீதிபதி தனித்துக் கேட்டறியலாம். அதற்கென்று குழந்தைக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து அனுப்புவோர் நம்மிடையே இல்லாமலில்லை. அந்தப் பாடம் ஒப்பிக்கப்படுவதை நீதிபதி கண்டுகொள்ள அதிக நேரம் பிடிப்பதில்லை. ‘தமிழ்ப் பிள்ளை தமிழ் நாட்டில்தான் வளர வேண்டும்’ என்று வாதிடுவோரும் உண்டு. தாய்மொழி பெரிதுதான், ஆயினும் மலையாளத்தில் எழுத்தறிந்து, மலையாளத் தோழரோடு விளையாடி வளர்ந்த பையனுக்கு அவன் வகுப்பறையும் ஒரு தாய்வீடே. அவ்வாதம் தனித்து நின்று வெல்லும் என்று எண்ணிவிடலாகாது.

சேர்ந்து வாழ இயலாது என்பதில் இருவரும் ஒருமித்தால், 1976-இல் சேர்த்த 13-பி பிரிவின்படி இசைவு மணமுறிவு பெறலாம். ஓராண்டு பிரிந்திருக்க வேண்டும். முதல் மனுவுக்குப் பின் ஆறு திங்கள் காத்திருக்க வேண்டும். தக்க காரணமிருந்தால் அக்காத்திருப்பைத் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் கூறியது. இறுதி ஆணை வரும் வரையில் இசைவைத் திரும்பப் பெறும் உரிமை இருவருக்கும் உண்டு என்பதையும் மறக்கலாகாது. கிறித்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் பதிவுத் திருமணம் செய்தோருக்கும் வேறு வேறு சட்டங்கள் உள்ளன. அவற்றை வழக்கறிஞரிடமே கேட்டுத் தெளிதல் நலம். ஆயினும் குழந்தையின் நலமே தலையாயது என்ற நோக்கு எல்லாருக்கும் பொதுவானது.

இசைவு ஒப்பந்தம் எழுதுகையில் தொகையைப் பற்றிய பத்திகள் நீண்டும், குழந்தையைப் பற்றிய பத்தி ‘தந்தை அவ்வப்போது பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஒரே வரியாகவும் முடிந்துவிடுவதுண்டு. ‘அவ்வப்போது’ என்ற சொல்லைப்போலச் சண்டை வளர்க்கும் சொல் வேறில்லை. இரு மாநிலத்துக்கிடையே வாழும் குடும்பமாயின், எந்தச் சனிக்கிழமை, எந்த வண்டியில், யார் கொண்டுவந்து விடுவது, பயணச் செலவு யாருடையது என்பது வரையில் எழுத வேண்டும். கேரளத்தில் ஓணத்துக்குப் பள்ளி மூடினால், தமிழ்நாட்டில் அரையாண்டுத் தேர்வுக்குப் பின்னும் பொங்கலுக்கும் மூடுவார்கள். தந்தையின் ஊர் விடுமுறையும் மகனின் பள்ளி விடுமுறையும் ஒத்துவராமல் போகலாம். ஆகவே இரு மாநிலத்துப் பள்ளி நாட்காட்டிகளையும் மேசைமீது விரித்து வைத்துக்கொண்டே அந்தப் பத்தியை எழுதச் சொல்லுங்கள். வாரத்தில் எந்நாள், எந்நேரம் தொலைபேசியில் பேசுவது என்பதையும் அதிலேயே குறித்துவிடலாம். பார்க்க வர இயலாத பெற்றோர் காணொலியிலேனும் குழந்தையோடு பேச வழி வேண்டும் என்பதை 2020-இல் யஷிதா சாஹு வழக்கில் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. பாட்டியும் தாத்தாவும் பேசலாமா என்பதையும் எழுதிவிடுங்கள். பின்னர் அதற்கும் ஒரு மனு வேண்டாம்.